ஆண்புலியின் எடையைக் கணிப்பது எப்படி

ஆண்புலியின் எடையைக் கணிக்க வேண்டுமென்றால் முதலில் அதன் முகத்தை மறந்துவிடுங்கள். கன்னத்தில் அடர்ந்த மயிரைப் பார்த்தவர் எல்லாரும் ஐம்பது கிலோ கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.

முதுமலைப் பக்கத்துக் காடுகளில் கால்நடை மருத்துவக் குழுவின் உதவியாளராகப் பல ஆண்டுகள் இருந்தேன். மயக்க ஊசியில் எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதை மருத்துவர் எடையை வைத்தே முடிவு செய்வார். கூட்டிக் கணித்தால் மூச்சு தடுமாறும். குறைத்துக் கணித்தால் அரைமயக்கத்தில் ஓடிப் பள்ளத்தில் விழும். அதனால் இந்தக் கணிப்பை நான் விளையாட்டாக எடுத்ததே இல்லை.

ஒருமுறை மயங்கிக் கிடந்த ஆண்புலியைப் பார்த்து வேட்டைத் தடுப்புக் காவலர்கள் 260, 280 என்றார்கள். நான் 250 என்று எழுதினேன். மூங்கிலில் தொங்கு தராசைக் கட்டித் தூக்கியபோது முள் 226இல் நின்றது. ஸ்ட்ரெச்சரும் கயிறும் 14 கிலோ. மீதி 212. கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் ரேடியோ கழுத்துப்பட்டை பொருத்துவதற்காகப் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் எடை போட்ட ஆண்புலிகளும் 209 முதல் 227 கிலோவுக்குள்தான் இருந்தன. யாராவது 300 என்றால், எந்தத் தராசு என்று கேளுங்கள்.

அளவெடுக்க முடிந்தால் இரண்டே அளவு போதும். ஒன்று, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நேர்க்கோட்டு நீளம். நாடாவை முதுகின் வளைவோடு படுக்க வைத்தால் நீளம் கூடிவிடும். பழைய வேட்டைக் குறிப்புகளில் பெரிய பெரிய நீளங்கள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றொன்று மார்புச் சுற்றளவு. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நாடாவைச் சுற்றி, ரோமம் அழுந்தும்படி பிடித்து, மூச்சை வெளியே விட்ட நொடியில் படியுங்கள். உள்ளிழுக்கும்போது நாடா விரலுக்கடியில் நகர்வது தெரியும்.

எடை நீளத்தின் விகிதத்திலும், சுற்றளவின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறும். சுற்றளவில் ஐந்து சதவீதம் பிசகினால் எடையில் பத்து சதவீதம் பிசகும். எடை தெரிந்த புலி ஒன்றை அளவுகோலாக வையுங்கள். என் 212 கிலோ புலிக்கு நீளம் 190 செ.மீ., மார்பு 128. இன்னொரு புலி 196 நீளம், 122 மார்பு என்றால், 212ஐ 196/190ஆல் பெருக்கி, 122/128ஆல் இருமுறை பெருக்குங்கள்: 199 கிலோ வரும். நீளமான புலிதான் இலேசானது.

கையில் தானியங்கி கேமராவின் படம் மட்டும் இருந்தால், புலி பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். கேமராவை அசைக்காமல், புலி நின்ற அதே தடத்தில் அளவுக் கோலை நட்டு இன்னொரு படம் எடுத்தால் நீளமும், முதுகிலிருந்து அடிமார்பு வரையிலான மார்பின் ஆழமும் கிடைத்துவிடும். இதை வனத்துறையின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும். சஃபாரியில் மிக நெருக்கத்தில் எடுத்த படம் உதவாது. கேமராவுக்கு அருகில் இருக்கும் தலை பெரிதாகத் தெரியும். காலடித் தடத்தை வைத்தும் எடை சொல்லாதீர்கள். ஈரச் சேற்றில் அதே பாதம் அகன்று பதியும்.

பிறகு வயிறு. பசித்த ஆண்புலி ஒரே இரவில் முப்பது கிலோ இறைச்சி தின்னக்கூடும். பின்தொடைக்கு முன்னால் உள்ள விலாக்குழியைப் பாருங்கள்: குழி விழுந்திருந்தால் வெறும் வயிறு, உருண்டு நிரம்பியிருந்தால் இருபது கிலோவாவது கழியுங்கள். அடியில் தொங்கி ஆடும் தோல்மடிப்பை வயிறு என்று எண்ணி ஏமாற வேண்டாம், பட்டினிப் புலிக்கும் அது தொங்கும். 1967இல் வட இந்தியாவில் சுடப்பட்ட 389 கிலோ புலியைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். முந்தின இரவில் தின்ற எருமையும் அந்த எடைக்குள் இருக்கிறது.

சுந்தரவனத்துப் புலிக்கு இந்த அளவுகோலைப் பொருத்தாதீர்கள். அங்குள்ளவை உடலமைப்பிலேயே சிறியவை.

கடைசியில் ஒற்றை எண்ணாக எழுதாமல் "190 முதல் 210 வரை, வயிறு பாதி" என்று எழுதிக் கொடுங்கள். ஊசியை நிரப்பும் மருத்துவருக்கு அந்த இரண்டாவது பாதியும் வேண்டும்.