கல்லூரிக் கூடைப்பந்து வீரர் என்பிஏவில் தேறுவாரா? கணிப்பது எப்படி

2011-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எங்கு பார்த்தாலும் ஜிம்மர் ஃப்ரெடெட் பேச்சுதான். பிரிகம் யங் பல்கலைக்கழக அணியின் கார்டு, அதாவது வெளியே நின்று பந்தை நடத்தும் ஆட்டக்காரர். ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி; நாட்டிலேயே முதலிடம். அந்த ஜனவரியில், அதுவரை தோல்வியே காணாத சான் டியாகோ ஸ்டேட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி அடித்தார். எதிரணியில் கவாய் லெனர்ட் என்று 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். அந்த ஆண்டு டிராஃப்டில் ஜிம்மர் 10-ஆவது, கவாய் 15-ஆவது. அப்புறம் நடந்தது தெரியும்தானே: கவாய் இரண்டு வெவ்வேறு அணிகளோடு சாம்பியன்ஷிப் வென்றார், இரண்டு முறையும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவரே. ஜிம்மரால் என்பிஏவில் காலூன்ற முடியவில்லை. சீனாவுக்குப் போய் அங்கே பெரிய நட்சத்திரமானார்.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது புரியாத புதிர். வேறு எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். தேவையானவை: அந்த வீரரின் முழு ஆட்டக் காணொளிகள் நான்கைந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புள்ளிவிவரப் பக்கம், ஒரு நோட்டு. ஹைலைட் தொகுப்பு வேண்டாம். அதில் எல்லாருமே மைக்கேல் ஜோர்டன்தான்.

படி 1: முதலில் பிறந்த தேதி

புள்ளிகளைப் பார்க்கும் முன் வயதைப் பாருங்கள். 18 வயதில் 15 புள்ளி அடிப்பவரும் 22 வயதில் 20 புள்ளி அடிப்பவரும் இருந்தால், நான் முதலாமவரைத்தான் எடுப்பேன். 22 வயது உடம்பு தன்னைவிட மூன்று நான்கு வயது சின்னப் பையன்களை இடித்துத் தள்ளிப் புள்ளி சேர்க்கிறது. என்பிஏவில் எதிரே நிற்பவர்கள் எல்லாம் முழு ஆண்கள். அந்தச் சாதகம் அங்கே காணாமல் போய்விடும். டிராஃப்ட் நாளில் ஜிம்மருக்கு 22 முடிந்திருந்தது. கவாய்க்கு இருபதே ஆகவில்லை.

அதற்காக வயது கூடியவரை ஒதுக்கிவிடக் கூடாது. டிரேமண்ட் கிரீன் மிச்சிகன் ஸ்டேட்டில் நான்கு ஆண்டும் ஆடி, 2012-இல் 35-ஆவதாகத்தான் போனார். ஜேலன் பிரன்சன் வில்லனோவாவில் மூன்று ஆண்டு ஆடி, 2018-இல் 33-ஆவது. இருவருமே பின்னர் என்பிஏ நட்சத்திரங்களானார்கள். வயது ஏறியவரிடம் "இனிமேல் கற்றுக்கொள்வார்" என்று நம்பிக்கை வைக்க முடியாது. கையில் ஏற்கெனவே ஏதாவது உறுதியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

படி 2: எண்களை வடிகட்டுங்கள்

கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. ஒருவர் 24 நிமிடம் ஆடி 12 புள்ளி எடுக்கிறார் என்றால், 12-ஐ 24-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்குங்கள்: 20. எல்லாரையும் இப்படி ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள்.

அடுத்தது, யாருக்கு எதிராக எடுத்த புள்ளி? சின்னக் கல்லூரியில் ஆடுபவர் என்றால், பெரிய அணிகளோடு மோதிய ஆட்டங்களை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டீபன் கரி, டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் ஆடியவர். "எதிரணிகள் எல்லாம் சோப்ளாங்கி" என்று சொல்ல வாய்ப்பிருந்தது. ஆனால் 2008 தேசியப் போட்டியில் கொன்சாகாவுக்கு எதிராக 40, ஜார்ஜ்டவுனுக்கு எதிராக 30, விஸ்கான்சினுக்கு எதிராக 33, சாம்பியனான கான்சஸுக்கு எதிராக 25. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

புள்ளிகளை விட நான் அதிகம் நம்புவது ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) மூன்றையும். பந்தை அதிகம் தரும்படி பயிற்சியாளர் திட்டம் போட்டால் யாருக்கும் புள்ளி கூடும். எதிராளியின் பாஸை முன்கூட்டியே மோப்பம் பிடித்துத் தட்டிப் பறிப்பதற்கு யாரும் திட்டம் போட்டுத் தர முடியாது. அது கை, கால், மூளை மூன்றும் சேர்ந்த வேகம். கடைசிக் கல்லூரி ஆண்டில் கவாய் ஆட்டத்துக்கு 10.6 ரீபவுண்ட் எடுத்தார். அவர் உயரம் சுமார் 6 அடி 7 அங்குலம்தான்.

படி 3: ஷூட்டிங்குக்கு ஃப்ரீ த்ரோவைக் கேளுங்கள்

ஒரு சீசனில் நூறு த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட், சுருக்கமாக த்ரீ) எறிந்து 38 விழுந்தால் நல்ல ஷூட்டர் என்று முடிவு கட்டாதீர்கள். நூறு என்பது சின்ன எண்ணிக்கை. அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடமுண்டு. ஃப்ரீ த்ரோ என்பது எதிரணி தவறு செய்ததற்காகக் கிடைக்கும் தனி எறி. அதில் யாரும் மறிப்பதில்லை, தூரம் மாறுவதில்லை. கையின் தரம் அங்கேதான் தெரியும். 80 சதவீதத்துக்கு மேல் போடுபவரின் த்ரீ இன்று மோசமாக இருந்தாலும் நாளை தேறலாம். 60-ஐத் தாண்டாதவரின் த்ரீ இன்று நன்றாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கவாய் கல்லூரியில் த்ரீயில் 30 சதவீதத்தைத் தொட்டதில்லை; ஃப்ரீ த்ரோவில் 70-க்கு மேல். சான் அன்டோனியோ அணியின் ஷூட்டிங் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அவரது எறியும் முறையைத் திருத்தினார். முதல் என்பிஏ சீசனிலேயே த்ரீ 37 சதவீதத்தைத் தாண்டியது.

இன்னொன்று: கல்லூரி ஆண்கள் ஆட்டத்தின் த்ரீ கோடு இப்போது 22 அடி 1¾ அங்குலம், என்பிஏவில் மூலைகளைத் தவிர 23 அடி 9 அங்குலம். எறியும்போது அவர் பாதம் எங்கே இருக்கிறது என்று காணொளியை நிறுத்திப் பாருங்கள். கோட்டை உரசிக்கொண்டே நிற்பவருக்கு இன்னும் ஒன்றரை அடிக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கும்.

படி 4: உடம்பு

உயரத்தை விடக் கைவிரிப்பு (இரு கைகளையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி வரும் நீளம்) முக்கியம். கவாயின் கைவிரிப்பு 7 அடி 3 அங்குலம், உயரத்தை விட அரை அடிக்கும் மேல். ஆனால் உடம்பு மட்டும் போதாது என்பதற்கு ஹஷீம் தபீட். 7 அடி 3 அங்குல உயரம். 2009-இல் 2-ஆவது தேர்வு, பின்னாளில் நட்சத்திரங்களான ஜேம்ஸ் ஹார்டனுக்கும் கரிக்கும் முன்னால். கல்லூரி விதியில், எதிரணி தாக்கும்போது உயரமானவர் தன் கூடைக்கு அடியிலேயே எவ்வளவு நேரமும் காவல் நிற்கலாம். என்பிஏவில் யாரையும் மறிக்காமல் கூடைக்கு முன்னால் வரைந்திருக்கும் கட்டத்துக்குள் 3 விநாடிக்கு மேல் நின்றால் தப்பு. எதிரணி வெளியே இழுக்கும், கால் ஓட வேண்டும். தபீட் 5 சீசனில் முடிந்துபோனார்.

படி 5: பந்தைப் பார்க்காதீர்கள்

இதுதான் கடினம், இதில்தான் விஷயம். ஒரே ஆட்டத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை, அவர் கையில் பந்து இல்லாத நேரம் மட்டும்.

டிஃபென்ஸில், பந்து எதிர்ப்பக்க மூலையில் இருக்கும்போது அவர் தலையைக் கவனியுங்கள். நல்லவர் தலை ஓயாமல் திரும்பும்: பந்து, தன் ஆள், மறுபடி பந்து. சோம்பேறி பந்தையே வெறித்துக்கொண்டிருப்பார்; அவர் ஆள் முதுகுக்குப் பின்னால் நழுவிக் கூடைக்குப் போய்விடுவார். தன் ஆளுக்குப் பாஸ் வரும்போது, பந்து காற்றில் இருக்கும்போதே நகர்கிறாரா, கைக்கு வந்த பிறகு நகர்கிறாரா? ஓடிப்போய் மறிக்கையில் கடைசி இரண்டு அடியைச் சிறு சிறு எட்டுகளாக வைத்து நிற்பவர் தப்பிப்பார். பாய்ந்து விழுபவரை ஒரே போலி அசைவில் தாண்டிவிடுவார்கள்.

தன் ஷாட் தவறியதும் என்ன செய்கிறார் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவரைப் பார்த்துக் கை விரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இது என் சொந்த வெறுப்பு, கணிப்பில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாம் முறை, பந்தோடு. பலவீனமான கைப்பக்கம் விரட்டினால் தடுமாறுகிறாரா? இருவர் சேர்ந்து மறித்தால் பாஸ் எங்கே போகிறது? ஜிம்மருக்குப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடும் முழு உரிமை இருந்தது. என்பிஏவில் அந்த உரிமை ஓரிருவருக்குத்தான்.

படி 6: அங்கே என்ன வேலை?

எனவே நோட்டில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இவர் என்பிஏவில் 20 நிமிடம் இந்த வேலை செய்வார், இப்படிப்பட்ட ஆளை மறிப்பார்." எழுத வரவில்லை என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். 2005-06-இல் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் கொன்சாகாவின் ஆடம் மாரிசன், டிராஃப்டில் 3-ஆவது. அவருக்கு அடுத்தவர் டியூக்கின் ஜேஜே ரெடிக், 11-ஆவது. மாரிசனின் ஆட்டத்துக்குப் பந்து எப்போதும் கையில் இருக்க வேண்டும். முழங்கால் காயமும் சேர்ந்துகொண்டது; அவரால் அங்கே நிலைக்க முடியவில்லை. ரெடிக் பந்தில்லாமல் ஸ்கிரீன்களை (எதிராளியின் வழியை மறித்து நிற்கும் தன் அணியினரை) சுற்றி ஓடி, பந்து கிடைத்த நொடியில் எறிபவர். அந்த வேலைக்கு எல்லா அணியிலும் ஆள் தேவை. 15 சீசன் ஆடினார்.

படி 7: எழுதி முடித்த பிறகு

இதெல்லாம் முடியும்வரை யார் எத்தனையாவது போவார் என்ற கணிப்புப் பட்டியல்கள் எதையும் திறக்காதீர்கள். ஒரு முறை பார்த்துவிட்டால் கண் அதற்கேற்பத்தான் பார்க்கும். உங்கள் தீர்ப்பைத் தேதி போட்டு எழுதி, அப்புறம் ஒப்பிடுங்கள். பெரிதாக முரண்படும் இடத்தில் திரும்பப் படி 5-க்குப் போய், அதே வீரரின் வேறொரு ஆட்டத்தை, முடிந்தால் அவர் அணி மோசமாகத் தோற்ற ஒன்றை, எடுத்துப் பாருங்கள்.