ஆங்கில வாக்கியத் திருத்தம்: கமாவுக்கு அடுத்து யார் நிற்கிறார்?

‘டிஸ்கஸ் அபவுட்’ தப்பு, ‘சீனியர் தேன்’ தப்பு. இதெல்லாம் எந்தக் கைடை எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே இருக்கும், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன். நாகர்கோவிலில் எஸ்.எஸ்.சி. என்கிற மத்திய அரசு வேலைத் தேர்வுகளுக்கும் வங்கித் தேர்வுகளுக்கும் படிக்கிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் எடுக்கிறேன். புது பேட்ச் வந்து முதல் மாதிரித் தேர்வு எழுதியதும் தாளைத் திருத்த உட்கார்ந்தால், நானும் என்னோடு படித்தவர்களும் அந்தக் காலத்தில் மார்க்கை விட்ட அதே இடங்களில்தான் இவர்களும் விட்டிருப்பார்கள். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு அரை மதிப்பெண் கழிவு. தெரியாது என்று விட்ட கேள்விக்குக் கழிவு கிடையாது. தெரியும் என்ற தைரியத்தில் போட்டு விழுவதுதான் அடி.

கமாவுக்கு முன் ஒருவர், பின் இன்னொருவர்

இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிற தவறு இது.

‘ஸ்டாண்டிங் ஆன் விவேகானந்தா ராக், த வள்ளுவர் ஸ்டேச்சூ லுக்ட் ஹ்யூஜ்.’

குமரி மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் பாதிப் பேர் ‘நோ எரர்’ போடுகிறார்கள். மீதிப் பேர் ‘ஆன்’ என்பதை ‘அட்’ ஆக்குகிறார்கள். 133 அடிச் சிலை, பெரிதாகத்தான் தெரியும், இதில் என்ன தப்பு என்று கேட்கிறார்கள். தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஸ்டாண்டிங்’ என்று ஆரம்பித்துக் கமா போட்டுவிட்டால், அந்தக் கமாவுக்கு அடுத்து வருகிற எழுவாய்தான் நிற்கிற ஆள். இங்கே எழுவாய் சிலை. அப்படியானால் விவேகானந்தர் பாறையில் நிற்பது வள்ளுவர்! அவர் நிற்பது பக்கத்துப் பாறையில். இடையில் இப்போது கண்ணாடிப் பாலம் வந்துவிட்டது என்பது வேறு கதை.

ஒரு மாணவி விடவே இல்லை. “அர்த்தம் வெளங்குதுல்லா சார், பொறவு எப்படித் தப்பு?” என்றாள். நியாயமான கேள்வி. ‘பஸ்ஸில் போகும்போது மழை பெய்தது’ என்று தமிழில் சொன்னால் ஒரு குறையும் இல்லை. போனது நாம், பெய்தது மழை, கேட்கிறவர் பிரித்துக்கொள்வார். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதிலும் பெய்தது ஒன்று, நிறைந்தது இன்னொன்று. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத் தாளை வாசிப்பதால் கண்ணுக்குக் குறை தட்டுப்படுவதே இல்லை. ‘அர்த்தம் புரிகிறதா’ என்று பார்க்கிறோம். கேள்வி எடுத்தவர் பார்ப்பது ‘யார் செய்தது’ என்பதை.

சரி, குறையைக் கண்டுபிடித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த குழி விடைகளில் இருக்கிறது. ‘வைல் ஸ்டாண்டிங் ஆன் த ராக், த ஸ்டேச்சூ வாஸ் சீன் பை அஸ்’ என்று ஒரு விடை நிச்சயம் இருக்கும். முன்னால் ‘வைல்’ சேர்ந்துவிட்டது, பின்னால் ‘பை அஸ்’ வந்துவிட்டது, திருத்தம் முடிந்தது என்று ஒரு தோற்றம். எழுவாய் இன்னமும் சிலைதான்! நான் படித்த காலத்தில் கையில் இருந்த ஒரு கைடு இந்த மாதிரி விடையைத்தான் சரி என்று அச்சடித்திருந்தது. அதை நம்பி மனப்பாடம் செய்த கூட்டத்தில் நானும் உண்டு. இப்போதும் ஜெராக்ஸ் கடைகளில் சுற்றுகிற நோட்ஸில் அதே விடையைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. சரியான வழி இரண்டுதான். ஒன்று, கமாவுக்கு அடுத்து நிற்கிற ஆளைக் கொண்டுவாருங்கள்: ‘வீ ஃபவுண்ட் த ஸ்டேச்சூ ஹ்யூஜ்.’ இல்லையென்றால் முன்பகுதிக்கே ஓர் எழுவாயைக் கொடுங்கள்: ‘ஆஸ் வீ ஸ்டுட் ஆன் த ராக்...’

இதிலேயே இன்னும் நைசான ஒரு வகை உண்டு. ‘பார்ன் இன் தேரூர் இன் 1876, கவிமணிஸ் போயம்ஸ் ஆர் லவ்ட் பை சில்ட்ரன்.’ கவிமணி என்ற பெயர் கமாவை ஒட்டியே நிற்பதால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். அந்த ‘ஸ்’ஸைக் கவனியுங்கள். எழுவாய் கவிமணி அல்ல, அவருடைய கவிதைகள். தேரூரில் பிறந்தவை கவிதைகள் என்றாகிவிடுகிறது. பெயருக்குப் பின்னால் இந்த உடைமை ‘ஸ்’ தொங்கினால் இரண்டாம் முறை வாசியுங்கள்.

அப்புறம், விதியைப் புதிதாகக் கற்றவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கக் கிளம்புவார்கள். ‘கன்சிடரிங் த ரெயின், த பஸ் கேம் ஏர்லி’ என்பது சரியான வாக்கியம். ‘கன்சிடரிங்’, ‘ஜட்ஜிங் பை’ போன்றவை ஏறக்குறைய ‘இன்’, ‘ஆன்’ மாதிரி பிரிபொசிஷனாகவே நிலைத்துவிட்டவை. ‘த சன் ஹேவிங் செட், வீ லெஃப்ட்’ என்பதும் சரி, ஏனென்றால் முன்பகுதிக்குச் சொந்தமாக ‘சன்’ என்ற எழுவாய் இருக்கிறது. ‘பீயிங் எ ஹாலிடே, வீ ஸ்டேய்ட் அட் ஹோம்’ மட்டும் தப்பு. விடுமுறை நாள் நாமா? ‘இட் பீயிங் எ ஹாலிடே’ என்று வர வேண்டும். இந்தக் கேள்வி தேர்வுகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும்.

‘டு’வைக் கண்டதும் வினைச்சொல்லை மொட்டையாகப் போடுவது

‘லுக் ஃபார்வர்ட் டு மீட்’ என்று கை தானாக எழுதிவிடும். அங்கே ‘டு’ ஒரு பிரிபொசிஷன், அதனால் ‘மீட்டிங்’. ‘வித் எ வியூ டு’, ‘அப்ஜெக்ட் டு’, ‘அகஸ்டம்ட் டு’ எல்லாம் இதே குடும்பம். சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்’ பொருந்துகிறது. ‘வான்ட் டு த ஹாலிடேஸ்’ பொருந்தாது.

ஒரே பிரிபொசிஷனை இரண்டு சொல்லுக்குப் பங்கு வைப்பது

‘ஹீ இஸ் ஃபாண்ட் அண்ட் இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்.’ ‘ஃபாண்ட்’ கேட்பது ‘ஆஃப்’. அது எங்கே போயிற்று? ‘ஃபாண்ட் ஆஃப் அண்ட் இன்ட்ரஸ்டட் இன்’ என்றுதான் இருக்க வேண்டும். காதுக்குக் கரடுமுரடாக இருப்பதால் பலரும் இந்த விடையைத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளாதீர்கள்.

‘மேரீட் வித்’

டு.

திசைக்கு ‘இன்’னா, ‘டு’வா

உள்ளே இருந்தால் ‘இன்’, வெளியே தள்ளி இருந்தால் ‘டு’. கன்னியாகுமரி ‘இன் த சவுத் ஆஃப் இந்தியா’. இலங்கை ‘டு த சவுத் ஆஃப் இந்தியா’.

‘ஸ்வீட்லி’

தோவாளை மல்லிகை ‘ஸ்மெல்ஸ் ஸ்வீட்’. வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘லி’ இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ வரும்போது, பூவின் தன்மையைச் சொல்கிறோமா, முகர்கிற விதத்தைச் சொல்கிறோமா என்று பாருங்கள்.

‘ஹார்ட்லி’

‘ஹார்ட்’டுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ‘ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்’ என்றால் அவன் அநேகமாக வேலையே பார்ப்பதில்லை.

‘ஒன்லி’ நிற்கிற இடம்

‘ஒன்லி ஹீ பாட் மட்டி’ என்றால் மட்டிப்பழம் வாங்கியவன் அவன் ஒருவனே. ‘ஹீ பாட் ஒன்லி மட்டி’ என்றால் செவ்வாழையையும் நேந்திரனையும் அவன் தொடவில்லை. பேச்சில் எங்கே வைத்தாலும் ஓடிவிடும். திருத்தக் கேள்வியில், எந்தச் சொல்லை அது கட்டுப்படுத்த வேண்டுமோ அந்தச் சொல்லுக்கு நேர் முன்னால் வைத்த விடையைத் தேடுங்கள்.