மனையைக் காலையில் பார்க்காதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கொத்து வேலை பார்க்கிறவன் நான். மனை வாங்குகிறவர்கள் வாஸ்து கேட்பார்கள், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள், நல்ல தண்ணீர் கிடைக்குமா என்பார்கள். அந்தத் தெரு எவ்வளவு காயும் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குள் என்ன செலவு செய்தாலும் தெரு கொதித்தால் ராத்திரி தூக்கம் கிடையாது.

புரோக்கர் காலையில்தான் கூட்டிப்போவார். நீங்கள் சித்திரை மாதத்தில் உச்சிவெயிலில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை தனியாகப் போங்கள். சித்திரை பிறக்கிற வாக்கில் சூரியன் நமக்கு நேர் மேலே வந்துவிடும். பன்னிரண்டேகால் மணிக்கு உங்கள் நிழல் காலடியிலேயே கிடக்கும். அந்த நேரத்தில் எந்த மாடி வீடும் தெருவுக்கு நிழல் தராது, மரம்தான் தரும். இரவில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் நில்லுங்கள், மேற்குப் பார்த்த சுவரில் கையை வையுங்கள். பகலில் குடித்த வெயிலை அது அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து மணலிலும் நின்று பாருங்கள், வித்தியாசம் காலுக்கே தெரியும்.

அப்புறம் காற்று. நம் கரையில் ஈரம் அதிகம், வேர்வை லேசில் காயாது. அதனால் வாசலில் தண்ணீர் தெளிப்பது உள்நாட்டு ஊர்களுக்கு உதவுகிற அளவு நமக்கு உதவாது. நிழலும் காற்றும்தான் நமக்கு மருந்து. கீழக்கரை, ஏர்வாடியில் கடல் தெற்கே, தேவிபட்டினத்தில் கிழக்கே. கடலை நோக்கி ஓடும் தெருவில்தான் கடற்காற்று நுழையும். அதன் கடல்பக்க முனையை யாராவது மண்டபம் கட்டி அடைத்திருந்தால் அந்த மனை வேண்டாம்.

தெற்குக் கடலோரத்தில் இன்னொரு லாபமும் உண்டு. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் மனைகள் கிழக்கு மேற்காக நீளும். வீட்டின் நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும், குறுகிய சுவர் மட்டும் மாலை வெயிலை வாங்கும். ஆனால் இரண்டு வீட்டுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் காற்று உள்ளே வரும். மூன்றடி விடச் சொன்னால், "மேஸ்திரி, ஒரு அடி என்ன விலை தெரியுமா?" என்பார்கள். விட்டவர்களும் அந்தச் சந்தில் ஏசியின் வெளிப்பெட்டியை மாட்டி, சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலில் ஊதுவார்கள்! சுற்றுச்சுவரும் அப்படித்தான். பனைமட்டை வேலி காற்றை விடும், ஆறடி ஹாலோபிளாக் சுவர் விடாது. சுவர்தான் வேண்டும் என்றால் மேல் பாதியை ஜாலி, அதாவது காற்று போகிற ஓட்டைக் கல், வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

கீழக்கரைப் பழைய தெருக்கள் குறுகல் என்று குறை சொல்கிறோம். உயரமான வீடுகள் நெருங்கி நிற்பதால் காலை பத்து மணிக்கும் ஒரு ஓரமாக நிழலிலேயே நடந்து போகலாம். புது நகர்களில் முப்பது அடி ரோடு, ஒரு மரம் இல்லை. ரோடு அகலமாவதை நான் குறை சொல்லவில்லை, ஆம்புலன்ஸ் வர வேண்டும். அகலப்படுத்தினால் மரமும் வைத்தாக வேண்டும்.

இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. வரைபடத்தில் பச்சை அடித்திருப்பார்கள். நேரில் போய் அது எங்கே என்று கேளுங்கள். அருகில் ஊருணி இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் வற்றினாலும் அந்த வெட்டவெளி வழியாகக் காற்று வரும்.

ஊராட்சியில் ஏற்கெனவே குடியிருக்கிறவர்கள் மே 1 கிராம சபையில் மனு கொடுக்கலாம். "வெயில் தாங்கவில்லை" என்று எழுதினால் சிரிப்பார்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனை மரம் என்று எழுதுங்கள். தெருவின் மேற்கு ஓரத்தில் வைத்தால் பிற்பகலில் ரோட்டில் நிழல் விழும், மின்கம்பி அந்தப் பக்கம் போகாமல் இருந்தால். பூவரசு, புன்னை இரண்டும் உப்புக்காற்றைத் தாங்கும். பூவரசுக்குக் கம்பு நட்டாலே போதும். பேவர் பிளாக் போடுவதற்கு முன்பே மரத்துக்கான குழியை விடச் சொல்லி அதே மனுவில் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்தபின் கல்லைப் பெயர்க்க ஒப்பந்தக்காரர் சம்மதிக்க மாட்டார்.