தின்பண்ட பிராண்டின் லோகோவை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி காந்தி வீதியிலோ ஒரு பெட்டிக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முறுக்கும் மிக்சரும் சிப்ஸும் சரம் சரமாகத் தொங்கும். வாங்க வருகிறவர்களில் பலர் பெயரைச் சொல்வதில்லை. "அந்த மஞ்ச பாக்கெட் ஒண்ணு குடுங்க" என்பார்கள். மக்களின் கண் எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நிறம், எழுத்து, படம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

2009-ல் அமெரிக்காவில் ட்ராபிகானா என்ற ஆரஞ்சு ஜூஸ் பிராண்ட் இப்படித்தான் செய்தது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டு டம்ளரில் ஜூஸ் இருக்கும் படத்தைப் போட்டார்கள், பெயரின் எழுத்தையும் மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்ததும் பழைய பாக்கெட்டுக்கே திரும்பினார்கள். உள்ளே இருந்த ஜூஸ் மாறவே இல்லை. அவ்வளவு பெரிய நிறுவனம் அந்த அடியைத் தாங்கியது. குடும்பமாக நடத்தும் முறுக்குக் கம்பெனி தாங்குமா? நிறத்தை விடாதீர்கள். எழுத்தைத் திருத்துங்கள், போதும்.

அடுத்தது, கம்ப்யூட்டர் திரையில் பெரிதாகப் பார்த்தே ஓகே சொல்லிவிடுவது. சின்ன பாக்கெட்டில் பிராண்ட் பெயர் விரல் அகலம்தான் வரும். ஆங்கிலத்துக்கு ஏற்ற மெல்லிய கோட்டிலேயே தமிழையும் எழுதினால் ண, ஞ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிவிடும். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தின் அடியில் துணுக்காகத் திணிக்காமல், அதற்கென்று தனியாக எழுத்து வரையச் சொல்லுங்கள். இதற்குச் செலவு செய்யத் தயங்கவே கூடாது. அப்புறம், பாக்கெட் ஃபிலிமை அச்சிடும் கிராவூர் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் டிசைன் செதுக்கிய தனி உருளை (சிலிண்டர்) வேண்டும். நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். டிசைனரையும் அச்சகத்துக்காரரையும் முதலிலேயே ஒன்றாக உட்கார வையுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு ஆசையும் வரும்: வெளிர் மஞ்சள், வெள்ளைக் கோடு, பிரெஞ்சுத் தெருப்பலகை மாதிரி எழுத்து. சுற்றுலா வருகிறவர்களுக்கு விற்கும் பிஸ்கட்டுக்குச் சரி. ஆனால் உள்ளூர் முத்தியால்பேட்டையில் காராசேவு வாங்குகிறவர், இது விலை கூடுதலாக இருக்கும் என்று தொடாமலே போகலாம்.

சட்ட விஷயமும் உண்டு. பதிவு செய்த வர்த்தகச் சின்னத்தில், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி, அடையாளம் பெரிதாக மாறாத திருத்தம் மட்டுமே செய்ய முடியும். அதற்கு மேல் போனால் புது விண்ணப்பம்தான். சின்னத்தை எந்தப் பொருளுக்குப் பதிகிறோமோ அதற்கென்று ஒரு வகுப்பு எண் உண்டு: சிப்ஸ் 29-ஆம் வகுப்பு, முறுக்கு போன்ற மாவுப் பண்டங்கள் 30-ஆம் வகுப்பு. இரண்டும் விற்றால் இரண்டிலும் பதிவு கேளுங்கள். புது லோகோ பெரிதானது என்று சைவக் குறியான பச்சைப் புள்ளியைப் பின்பக்கம் தள்ளாதீர்கள். அது முன்பக்கத்தில் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

விற்பனை குறைந்ததற்கு லோகோதான் காரணமா என்றும் பாருங்கள். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் சீல் சரியில்லாத பாக்கெட் சீக்கிரம் நமத்துப் போகும். அப்படியானால் லோகோவுக்கு ஒதுக்கிய பணம் நல்ல பாக்கெட் ஃபிலிமுக்கும் சீலிங் மெஷினுக்கும் போகட்டும். லோகோதான் என்று உறுதியானால், பழைய பாக்கெட் தீர்ந்துவரும்போது புதியதை அதன் பக்கத்திலேயே தொங்கவிடச் சொல்லி, கடைக்காரரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.