பேசச் சொல்வதற்கு முன் கேட்க ஆள் வேண்டும்: பள்ளிகளில் தற்கொலைத் தடுப்புப் பாடம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை பதிவுசெய்துள்ளது. இதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்ற எண்ணம் பள்ளிகளில் வேரூன்றி வருவது நல்லதே. ஆனால் எப்படிப் பேசுவது என்பதில் நல்ல மனம் படைத்தவர்களே சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்; அப்படிப் பேச வரும் பிள்ளையின் சொல்லைக் கேட்பதற்கு யாரையும் தயார்படுத்தி வைப்பதில்லை.

ஆகவே முதல் தவறு, வரிசையை மாற்றிச் செய்வது. வகுப்பு முடிந்த அன்று மாலையே ஒரு மாணவி வந்து, "டீச்சர், எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கல" என்று சொன்னால், அவளை எந்த அறையில் உட்காரவைப்பது, யார் அவளுடன் இருப்பது, வீட்டில் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டு ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாத பள்ளி மாணவர்களுக்கான வகுப்பைச் சில வாரங்கள் தள்ளிப்போடுவதே மேல். கல்வி நிலையங்களுக்காக 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளும் இந்த ஏற்பாட்டைத்தான் வலியுறுத்துகின்றன: 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்று அவை கூறுகின்றன.

தமிழ்நாடு–கேரளம் சந்திக்கும் நம் எல்லைப் பகுதியில் இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் கவனம் தேவை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு, பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை ஆகிய இடங்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் ஆலோசகரோ பெரும்பாலும் மலையாளம் பேசுபவராக இருப்பார். நம் பிள்ளைகளுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், கடையிலும் பேருந்திலும் தடையின்றிப் பேசுவார்கள் என்பதை வைத்துக்கொண்டு, மனத்துயரத்தையும் அந்த மொழியிலேயே சொல்லிவிடுவார்கள் என்று எண்ணுவது தவறு. வீட்டில் நடந்ததைச் சொல்லும்போது பிள்ளை வீட்டு மொழிக்குத்தான் போகும். அதற்கு வழியில்லாதபோது "ஒண்ணுமில்ல" என்று முடித்துக்கொள்ளும். ஆலோசகருடன் தமிழறிந்த ஆசிரியர் ஒருவர் உடனிருக்கலாம், ஆனால் அந்த ஆசிரியர் யார் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்புத் தோழியையோ தம்பி தங்கையையோ மொழிபெயர்க்க வைப்பது கூடவே கூடாது.

மருத்துவமனையின் முகவரியும் அப்படித்தான். பள்ளி கேரளத்தில் இருக்கும். பெற்றோரின் உறவும் நம்பிக்கையும் கம்பத்திலோ தேனியிலோ இருக்கும். பள்ளி ஒரு பக்கம் எழுதிக்கொடுக்க, குடும்பம் மறு பக்கம் போக, இரண்டு இடத்திலும் தொடர்சிகிச்சை அறுந்துபோகும் ஆபத்து இருக்கிறது. இரு மாநிலத்து அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு எந்த நாட்களில் இயங்குகிறது என்பதைப் பள்ளி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, குடும்பம் தொடர்ந்து போகக்கூடிய இடத்தைக் குடும்பத்தோடு பேசி முடிவுசெய்ய வேண்டும். தொலைபேசி எண்களைச் சுவரில் எழுதும்போது ஒரு மாநிலத்து எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் 14416 நாடு முழுவதற்கும் உரியது, இலவசமானது, 24 மணி நேரமும் இயங்குவது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா என்னும் நலவாழ்வு உதவிச் சேவைக்கு 1056, தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகளுக்கு எங்கிருந்தும் 1098. எழுதுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் ஒவ்வோர் எண்ணையும் தாமே அழைத்துப் பார்ப்பது நல்லது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத இடங்களும் உண்டு என்பதால், எண்ணை மட்டும் நம்பியிராமல் லயத்தருகே உதவக்கூடிய பெரியவர் ஒருவரின் பெயரும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த தவறு, இதை ஒரு நாள் நிகழ்ச்சியாக நடத்துவது. செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் என்பதால் அன்று மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் உட்காரவைத்து, சிறப்பு விருந்தினர் பேசி, உறுதிமொழி எடுத்து, படம் எடுத்துக்கொண்டு கலைவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஐநூறு பேர் நடுவே எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்காது. துயரத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தை மேடையிலிருந்து பார்க்கவும் முடியாது. ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளையும் 11,110 மாணவர்களையும் உள்ளடக்கிய ஓர் ஆய்வு 2015இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி அளித்த முறையும், வினாப்பட்டியல் கொடுத்து ஆபத்திலிருப்போரைக் கண்டறிந்த முறையும், சுவரொட்டிகள் மட்டும் வைத்த பள்ளிகளைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. மாணவர்களே நடித்தும் விவாதித்தும் சில வாரங்கள் தொடர்ந்து பயின்ற முறையில்தான், ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, புதிய தற்கொலை முயற்சிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. வகுப்பு வகுப்பாக, சில வாரங்கள் விட்டுவிடாமல், பிள்ளைகள் வாய் திறந்து பேசும் வகையில் நடத்த வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

"இதைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடுமே" என்ற அச்சம் ஆசிரியர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களிலும் தவறாமல் எழும். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது பிள்ளைகள் மீதுள்ள அக்கறையிலிருந்து வருவது. ஆனால் நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பதால் மாணவர்களின் மனவேதனை கூடவில்லை என்றும், ஏற்கெனவே துன்பத்தில் இருந்தவர்களுக்கும் அதனால் தீங்கு நேரவில்லை என்றும் காட்டியது. எனவே சந்தேகம் எழும் பிள்ளையைத் தனியே அழைத்து, "ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். "அப்படியெல்லாம் தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால் பிள்ளைக்கு எந்த விடை வேண்டும் என்பது தெரிந்துவிடும், அந்த விடையையே சொல்லிவிட்டுப் போய்விடும்.

கேட்பது வேறு, விவரிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் உண்மையில் தீங்கு செய்கிறது. இறந்துபோன மாணவர் ஒருவரின் கதையைப் படத்துடனும் இறந்த முறையுடனும் கடைசிக் கடிதத்துடனும் உருக்கமாகச் சொல்வது, பிள்ளைகளை அழவைப்பதால் மட்டும் நல்ல பாடம் ஆகிவிடாது. ஏற்கெனவே நொந்திருக்கும் பிள்ளை அந்தக் கதையில் தன்னைப் பொருத்திப் பார்க்கும். "மதிப்பெண் குறைந்ததால் இறந்தான்", "அம்மா திட்டியதால் இறந்தாள்" என்று ஒற்றைக் காரணம் சொல்வதும் அப்படியே. பல துயரங்கள் சேர்ந்து அழுத்தும் நிலையை ஒரு வரியில் அடக்கினால், திட்டு வாங்கினால் அதுதான் வழி என்ற பொருள்தான் பிள்ளையின் மனதில் தங்கும். சொல்ல வேண்டிய கதைகள் வேறு: பரீட்சையில் தவறி, துணைத் தேர்வோ கேரளத்தில் சே (SAY) எனப்படும் மறுதேர்வோ எழுதி மேலே படித்தவர்களின் கதை; தாங்க முடியாத நாட்களில் யாரிடமோ சொல்லி, உதவி பெற்று, இன்று நம்மிடையே நடமாடுபவர்களின் கதை.

தற்கொலையைக் கோழைத்தனம், பாவம், பெற்றோருக்குச் செய்யும் துரோகம் என்று பேசுவதையும் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே தன்னை வீட்டுக்குப் பாரம் என்று நம்பத் தொடங்கிய பிள்ளைக்கு அது இன்னொரு குற்றச்சாட்டு. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயமுறுத்துவதும் தவறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறாக நிரூபிக்கப்படாதவரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது.

பிள்ளைகளுக்கு நேராகக் கற்றுக்கொடுக்க வேண்டிய ஒன்று, எந்த இரகசியத்தைக் காக்கக் கூடாது என்பது. பெரும்பாலும் முதலில் தெரிந்துகொள்வது நண்பர்கள்தாம். "யாருகிட்டயும் சொல்லாதே" என்று சத்தியமும் வாங்கியிருப்பார்கள். அந்தச் சத்தியத்தை மீறி நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்பதை நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். சொன்ன பிள்ளையின் பெயரும் வெளியே வரக் கூடாது. ஆசிரியரும் இரகசிய வாக்குறுதி கொடுக்கக் கூடாது. "நீ சொன்னதை எல்லாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும், உனக்குத் தெரிவித்துவிட்டுச் சொல்வேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக உணராது.

பெற்றோரை அழைப்பதில் இரு வகைத் தவறுகள் நடக்கின்றன. தொலைபேசியில் பதறச் செய்து, "உங்க பொண்ணு இப்படிப் பேசுறா, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று கைகழுவுவது ஒன்று. அப்போது அந்தப் பிள்ளை அடியும் திட்டும் காத்திருக்கும் வீட்டுக்குத்தான் போகும். வீட்டிலேயே வன்முறையோ பாலியல் கொடுமையோ இருக்கிறது என்ற ஐயம் இருந்தும் அதே வீட்டுக்கு அனுப்புவது இன்னொன்று. அந்த நிலையில் 1098ஐ அழைப்பதும், பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பதும் பள்ளியின் கடமை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மாரைப் பகல் பதினொரு மணிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். வராதவரை அக்கறையற்றவர் என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஆசிரியர் போய்ப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது தோட்டத்துப் பூச்சிமருந்தையும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்ள மறக்கக் கூடாது. கடும் நெருக்கடி பலருக்குச் சிறிது நேரத்திலேயே தணிந்துவிடும். அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

குறைந்த மதிப்பெண் எடுப்பவர்களை மட்டும் கவனிப்பதும் போதாது. எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் (ஃபுல் ஏ பிளஸ்) வாங்கி ஃபிளெக்ஸ் பலகையில் படம் வந்த பிள்ளையும், நீட்டுக்குத் தயாராகும் பிள்ளையும் உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, விருப்பமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்; இவையெல்லாம் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை அறிகுறிகள்.

ஒரு மாணவர் இறந்துவிட்ட பள்ளியில் பேச்சை முழுவதும் அடக்கிவிடுவதும், வகுப்பறையில் படம் மாட்டி மலர் வைத்துப் பெரிதாக்குவதும் இரண்டுமே தவறு. குடும்பத்தின் ஒப்புதலோடு, முறையைச் சொல்லாமல், செய்தியை வகுப்பாசிரியரே சிறு குழுக்களில் சொல்லி, நெருங்கிய நண்பர்களை அந்த வாரமே தனித்தனியே சந்திக்க வேண்டும்.

தற்கொலை முயற்சிக்குப் பின் உயிர் பிழைத்துத் திரும்பும் பிள்ளையைப் பற்றிப் பள்ளிகள் மிகக் குறைவாகவே யோசிக்கின்றன. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளச் சொல்லும் பள்ளிகளும் உண்டு, அது மன்னிக்கத்தக்கதல்ல. திரும்பி வரும் நாளுக்கு முன்பே பெற்றோருடனும் சிகிச்சையளிப்பவருடனும் பேசி, விடுபட்ட தேர்வுகளை எப்போது எழுதுவது, யாராவது கேட்டால் என்ன சொல்வது, மனம் கனக்கும்போது வகுப்பிலிருந்து எழுந்து எந்த ஆசிரியரிடம் போவது என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையையே கேட்டு முடிவுசெய்ய வேண்டும். முதல் சில மாதங்கள் அந்த ஆசிரியர் வாரந்தோறும் அவரைச் சந்திக்க வேண்டும். ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு இன்னொருவரிடம் ஒப்படைத்து, அதைப் பிள்ளைக்கும் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும்.