அந்த டிப் யாரோடது? டெஸ் டேட்டாவுல கிரகம் தேடுறவங்க தவிர்க்க வேண்டிய தப்புகள்

இப்பல்லாம் நிறைய பேர் டெஸ் டேட்டாவ இறக்கி வச்சுக்கிட்டு வேற நட்சத்திரங்கள சுத்துற கிரகங்கள தேட ஆரம்பிச்சிருக்காங்க, பாக்கவே சந்தோஷமா இருக்கு. டெஸ், 2018 ஏப்ரல்ல நாசா அனுப்புன டெலஸ்கோப். நட்சத்திரத்துக்கு முன்னாடி கிரகம் கடந்து போகும்போது (டிரான்சிட்) வெளிச்சம் கொஞ்சம் குறையும், அந்த குறைச்சலத்தான் டிப்னு சொல்றோம். டேட்டா மொத்தமும் மாஸ்ட்ங்கற ஆன்லைன் ஆர்க்கைவ்ல காசில்லாம கிடைக்குது, ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் பைத்தானும் இருந்தா உக்காந்த இடத்துலயே வேலைய ஆரம்பிச்சிடலாம். ஆனா எங்க செட்டுல எல்லாரும் ஆரம்பத்துல விழுந்த அதே குழியிலதான் புதுசா வர்றவங்களும் விழுறாங்க, அதான் எழுதுறேன். ஃபைல் திறக்கல, பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகல மாதிரி விஷயமெல்லாம் இங்க வராது, தேடினாலே கிடைச்சிடும்.

குவாலிட்டி ஃபிளாக்

ஒவ்வொரு அளவீட்டுக்கும் பக்கத்துலயே இருக்கு. கோளாறுன்னு குறிச்சு வச்சிருக்கற புள்ளிகள தூக்கிட்டு அப்புறமா தேடுங்க.

பிக்சல பாக்காம கிராஃப மட்டும் நம்புறது

இதான் முக்கியமானது, இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இன்னும் எரிச்சல் வர்றது இதுலதான்.

டெஸ்ஸோட ஒரு பிக்சல் வானத்துல 21 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரிய 3600 பங்கா போட்டா ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). இதுக்கு முன்னாடி நாசா கிரகம் தேட அனுப்புன கெப்ளர் டெலஸ்கோப்புக்கு இது வெறும் 4. அதாவது கெப்ளரோட இருபத்தேழு பிக்சலுக்கு மேல டெஸ்ஸோட ஒரே பிக்சலுக்குள்ள அடங்கிடும். வானத்த பெரும் பெரும் துண்டா அள்ளிப் பாக்கறதுக்காக வேணும்னே அப்படி கட்டுனாங்க, அது குறை இல்ல. ஆனா அதனால நீங்க பாக்கற லைட் கர்வ், அதாவது நேரத்துக்கு நேரம் வெளிச்சம் எவ்ளோங்கற கிராஃப், ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் கிடையாது, அப்பர்ச்சருக்குள்ள (வெளிச்சத்த கூட்டறதுக்கு எடுத்துக்கற பிக்சல்கள்) விழுந்த எல்லா நட்சத்திரத்தோட வெளிச்சமும் சேந்த கூட்டுத்தொகை. நாலு குழாய்த் தண்ணி ஒரே குடத்துல விழுது, அதுல ஒரு குழாய்ல தண்ணி கம்மியாயிடுச்சுன்னா குடத்த மட்டும் பாத்து எந்த குழாய்னு சொல்ல முடியுமா?

ஒரு காலேஜ் பையன், நல்ல சூட்டிகை, ஒருநாள் பிளாட் அனுப்பியிருந்தான். டிப்போட ஆழம் அரை சதவீதம், ஃபோல்ட் பண்ணா, அதாவது எல்லா டிப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா, அவ்ளோ சுத்தமா உக்காருது, சூரியன் சைஸ் நட்சத்திரம்னு வச்சு கணக்கு போட்டு பூமியைப் போல ஏழரை மடங்கு ரேடியஸ்னும் எழுதியிருந்தான். டிபார்ட்மெண்ட்ல சொல்லி செமினாருக்கு தேதியும் குறிச்சாச்சு. பிக்சல் ஃபைல பாத்தியா தம்பின்னு கேட்டேன். "இல்லண்ணா, டெஸ் பைப்லைன் சாஃப்ட்வேர் குடுத்த கர்வ்தானே, சிக்னல் வேற அவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கே"ன்னான். கையாங்கற நட்சத்திர கேட்டலாக்க திறந்து பாத்தா 25 ஆர்க் செகண்ட் தள்ளி, பக்கத்து பிக்சல்ல, அஞ்சு மேக்னிட்யூட் மங்கலா இன்னொரு நட்சத்திரம் இருக்கு. அஞ்சு மேக்னிட்யூட்னா வெளிச்சம் நூறுல ஒரு பங்கு. அது ஒண்ணையொண்ணு மறைக்கற ஜோடி நட்சத்திரம், மறைக்கும்போது அதோட பாதி வெளிச்சம் போயிடுது. நூறுல ஒண்ணுல பாதி, அரை சதவீதம். அவ்ளோதான் அவனோட கிரகம். ஒரு செமஸ்டர் உழைப்பு, அஞ்சு நிமிஷத்துல பாத்திருக்க வேண்டியது, எனக்கே மனசு கஷ்டமாயிடுச்சு.

சிக்னல் ஸ்ட்ராங்கா இருந்தா டிப் நிஜம்னுதான் அர்த்தம். யாரோட டிப்புங்கறத அது சொல்லவே சொல்லாது.

"பைப்லைன் திருத்திக் குடுக்கற பிடிசிசாப் ஃபிளக்ஸ்ல பக்கத்து வெளிச்சத்த கழிச்சுத்தானே தர்றாங்க"ன்னு கேக்கறவங்க உண்டு. கழிக்கறாங்க, க்ரௌட்சாப்னு ஃபைலோட ஹெட்டர்ல ஒரு எண் இருக்கும், 0.6ன்னு போட்டிருந்தா அப்பர்ச்சர்ல விழற வெளிச்சத்துல 60 சதவீதம்தான் உங்க நட்சத்திரத்தோடது. ஆனா அந்த கழித்தல், பக்கத்து நட்சத்திரம் மாறாம எரியுதுங்கற அனுமானத்துல நடக்கறது. மாறுறதே பக்கத்து நட்சத்திரமா இருந்தா, திருத்தம் பண்ணதால தப்பான நட்சத்திரத்து மேல டிப் இன்னும் ஆழமா தெரியும்.

நீங்களே ஃபுல் ஃப்ரேம் படத்துலருந்து வெட்டி எடுத்து கர்வ் போட்டா அந்த திருத்தமும் இருக்காது. அப்ப கிரகம் நிஜமாவே இருந்தாலும் அளவு தப்பாகும். பாதி வெளிச்சம் பக்கத்து நட்சத்திரத்தோடதுன்னா உண்மையான ரேடியஸ் நீங்க போட்டத விட 1.41 மடங்கு, கன அளவு 2.8 மடங்கு. பாறைக் கிரகம்னு நீங்க எழுதுனது வாயுக் கிரகமா இருக்கலாம்.

செய்ய வேண்டியது ரொம்ப இல்ல. இரண்டரை ஆர்க் நிமிஷத்துக்குள்ள இருக்கற எல்லா நட்சத்திரத்தையும் கையாவுல எடுங்க. டிப் 1 சதவீதம்னா அஞ்சு மேக்னிட்யூட் மங்கலானது வரைக்கும் எல்லாமே சந்தேகத்துக்குரியது, 0.1 சதவீதம்னா ஏழரை வரைக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியா கர்வ் போட்டு டிப் எதுல ஆழமா இருக்குன்னு பாருங்க. டிப் இல்லாத நேரத்து படங்களோட சராசரிலருந்து டிப் நேரத்து சராசரிய கழிங்க, மிச்சத்துல பளிச்சுன்னு தெரியற இடம்தான் வெளிச்சம் குறைஞ்ச இடம், அது உங்க நட்சத்திரத்து மேல உக்காருதான்னு பாருங்க. ஒத்தைப்படை டிப்பும் இரட்டைப்படை டிப்பும் ஒரே ஆழமா, நடுவுல குட்டியா இன்னொரு டிப் வருதான்னும் பாத்துடுங்க, ஆழம் மாறினாலோ குட்டி டிப் வந்தாலோ ஜோடி நட்சத்திரமான்னு சந்தேகப்படுங்க. 2015ல பரபரப்பான கேஐசி 8462852 ஞாபகம் இருக்கா, வெளிச்சம் 22 சதவீதம் வரைக்கும் குறைஞ்ச நட்சத்திரம்? கெப்ளர் டேட்டாவுல அத கண்ணால பாத்து புடிச்சது பிளானெட் ஹண்டர்ஸ் தன்னார்வலர்கள்தான். ஆனா கருவிக் கோளாறா, பக்கத்து நட்சத்திரமான்னு பிக்சல் வரைக்கும் இறங்கி சோதிச்ச பிறகுதான் பேப்பர் வந்துச்சு. அவ்ளோ பெரிய டிப்புக்கே அவ்ளோ சோதனை!

சமப்படுத்தறேன்னு டிப்பையே அழிக்கறது

கர்வோட மெதுவான ஏற்ற இறக்கத்த எடுத்துட்டு சமப்படுத்தும்போது, ஒரு தடவைக்கு எடுத்துக்கற நேர அளவ (விண்டோ) டிரான்சிட் நேரத்த விட குறைவா வச்சா உங்க கோடே கிரகத்த தின்னுடும். குறைஞ்சது மூணு மடங்கு வைங்க, இல்லன்னா டிப்ப மாஸ்க் பண்ணிட்டு சமப்படுத்துங்க.

13.7 நாள்

இந்த பீரியட் வந்தா உடனே குதிக்காதீங்க, அது டெஸ் பூமிய ஒரு சுத்து சுத்தி வர்ற நேரம். பூமி, நிலா வெளிச்சம் கேமராவுக்குள்ள சிதறி வர்றதும், டேட்டாவுல இடைவெளி விழறதும் அதே கணக்குலதான்.

நேரக் கணக்கு

ஜூலியன் தேதி (வானியல்ல நாள எண்ற கணக்கு) வேணும்னா டெஸ் நேரத்தோட 2457000 கூட்டணும், கெப்ளர்னா 2454833. ரெண்டையும் கலக்காதீங்க. அது டிடிபிங்கற வானியல் நேரம், யுடிசிய (உலகப் பொது நேரம்) விட 69 செகண்ட் முன்னாடி ஓடும். அதோட சூரிய மண்டலத்தோட நிறை மையத்துக்கு மாத்தின கணக்கு வேற, மொட்டை மாடியிலருந்து நீங்க எடுத்த அளவீட்ட அப்படியே பக்கத்துல வச்சா எட்டு நிமிஷம் வரைக்கும் தள்ளிப் போகும்.

மத்தவங்க ஏற்கனவே பாத்தாச்சான்னு பாக்காதது

எக்ஸோஃபாப் வெப்சைட்ல அந்த நட்சத்திரத்தோட டிஐசி நம்பர (டெஸ் பட்டியல்ல அதோட எண்) போட்டுப் பாருங்க. பல நட்சத்திரத்துக்கு பக்கத்துல ஜோடி நட்சத்திரம் இருக்குன்னு யாராவது ஏற்கனவே குறிச்சு வச்சிருப்பாங்க.