ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் 'வேண்டாம்' சொல்லுங்கள்

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு நாள், படங்களை ஏற்றும்போதே கரண்ட் போய், அக்காவின் 1 டிபி ஹார்ட் டிஸ்க் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. கல்யாணப் படம் முழுக்க அதில்தான்.

தயவுசெய்து சரி கொடுத்துவிடாதீர்கள். பல நேரம் கெட்டுப்போவது பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) போன்ற சிறு பகுதிகள் மட்டும்தான். படங்கள் அப்படியே இருக்கும். அந்தக் குறிப்பை எழுதி வைக்க இரண்டு முறைகள் உண்டு. பழைய எம்பிஆர் முறையில் அந்த டேபிள் வெறும் 64 பைட். புதிய ஜிபிடி முறை என்றால் டிஸ்க்கின் கடைசியில் நகல் ஒன்றும் உண்டு.

டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் இறக்கி, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து அனலைஸ், அப்புறம் குவிக் சர்ச். பழைய பார்ட்டிஷன் தெரிந்ததும் அவசரப்பட்டு ரைட் (கண்டுபிடித்த டேபிளை டிஸ்க்கில் எழுதுவது) கொடுக்க வேண்டாம். 'பி' விசையை அழுத்தி உள்ளே பாருங்கள். ஆங்கில எழுத்தில் 'முகூர்த்தம்' என்ற ஃபோல்டர் தெரிந்த பிறகுதான் அக்காவுக்கு மூச்சே வந்தது. முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ரைட் கொடுப்பது அதற்குப் பிறகு.

டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் இது எதுவும் வேண்டாம், உடனே கழற்றிவிடுங்கள். அது மீட்பு வேலை தெரிந்தவர் கையில் போக வேண்டியது.